ஸ்லோ என்றால் நல்ல செய்தி

இதை இடது கைப் பெருவிரலால் எழுதுகிறேன். வலது கை மடியில் கிடக்கிறது. போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும், ஆனால் அவசரமில்லை. எனக்கு மிச்சமிருக்கும் வசதி அது ஒன்றுதான். இந்த வியாதி ஒரு வீட்டுக்குள் எப்படி நுழையும், நுழைந்த பிறகு என்னென்ன நடக்கும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் தெரிந்து வைத்திருப்பது வேறு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பூபாலன். வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகப் பல வருஷம் வேலை பார்த்தேன். என் மனைவி ஜெயந்தி பக்கத்துக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் அது பெரிய குறை. இப்போது அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை, நல்லதாகப் போயிற்று என்று இரண்டு பேருமே நினைப்பதால்.

வேலை இதுதான். ஆள் உயரப் பலகை ஒன்று செயினில் நகர்ந்து வரும். அதில் வரைந்திருக்கும் கோட்டின்மேல் ஒயரைப் படுக்க வைத்து, டேப் சுற்றி, கிளிப்பைப் பெருவிரலால் அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டும். பலகை நம் முன்னால் இருக்கும் நேரத்துக்குள் நம் பங்கு முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் அடுத்தவன் நிற்பான், அவனுக்கு அடுத்தவனும் நிற்பான், தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். லைனில் ‘ஸ்லோ’ என்பது கெட்ட வார்த்தை. குடும்பத்தை இழுத்துத் திட்டினால்கூடச் சிரித்துக்கொண்டு போய்விடுவோம். லைன் லீடர் வந்து ‘நீ ஸ்லோ’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்குக் கேன்டீன் சாப்பாடு தொண்டையில் இறங்காது. கேன்டீன் சுவரில் ‘ரிலாக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு தென்னை மரமும் வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டமாகத் தின்றுவிட்டு ஓட்டமாகத் திரும்புவோம்.

எனக்குப் பக்கத்து இடத்தில் நின்றவன் மாரிச்செல்வம். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன், சிங்கப்பெருமாள் கோவிலில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். லைனில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, கை கொடுப்பது என்போம். பக்கத்தில் நிற்பவனுக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி தூக்கமில்லை என்றால், அவன் கேட்காமலே அவன் பங்கில் கொஞ்சத்தை நாம் செய்துவிட வேண்டும். யாரும் கணக்கு வைப்பதில்லை, நன்றி சொல்வதும் இல்லை. மாரிச்செல்வம் காய்ச்சலோடு வந்தபோதெல்லாம் நான் கொடுத்திருக்கிறேன். அதனால் என் வலது பெருவிரல் கிளிப்பை அழுத்தி அது பூட்டாமல் போனபோது, அவன் கையை நீட்டி ‘டக்’ என்று பூட்டியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அண்ணே, நீங்க பையச் செய்யுங்க. இந்தப் பக்கத்த நான் பாத்துக்கிடுதேன்” என்றான். பைய என்றால் அவர்கள் ஊரில் மெதுவாக என்று அர்த்தம்.

முதலில் ஒரு கிளிப். பிறகு இரண்டு. பிறகு வலது பக்கம் முழுக்க அவன்தான் செய்தான். எப்போது முழுக்க ஆயிற்று என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுவரில் இருக்கும் கணக்கு போர்டில் எண்ணிக்கை சரியாக ஓடியது, விளக்கு எரியவில்லை, லீடர் வரவில்லை. ஓவர்டைம் அதிகம், கை அலுப்பு, அவ்வளவுதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். முழங்கைக்கு மேலே தோலுக்கடியில் ஏதோ துடித்துக்கொண்டே இருக்கும். சட்டைக்குள் கட்டெறும்பு ஊர்வதாக நினைத்துத் தட்டிவிட்டிருக்கிறேன்.

புது மாடல் கார் வந்தபோது லைனை மாற்றி அடுக்கினார்கள். மாரிச்செல்வத்தை அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். என் பக்கத்தில் வந்தவன் புதியவன், அவன் பாடே அவனுக்குப் பெரும்பாடு. முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே பலகை என் முன்னால் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் அழுத்துகிறேன், உடம்பையே சாய்த்து அழுத்துகிறேன், கிளிப் பூட்டவில்லை. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. லீடர் திட்டத்தான் வந்தார். என் கையைப் பிடித்துப் பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி விழுந்திருந்தது. என் கையை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு டாக்டர்கள். சிங்கப்பெருமாள் கோவில் கிளினிக்கில் ‘டேக் ரெஸ்ட்’ என்று சத்து ஊசி போட்டார்கள். எலும்பு டாக்டர் கழுத்தெலும்பு தேய்மானம் என்று பட்டை மாட்டிவிட்டு ‘லைட் டியூட்டி’ என்று எழுதிக் கொடுத்தார். பர்மனென்ட் ஆட்களுக்கு லைட் டியூட்டி என்றால் உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலை. கான்ட்ராக்ட் ஆளுக்கு லைட் டியூட்டி என்றால் வீடு. கான்ட்ராக்டர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, நல்லா ஆனதும் வா பூபாலா என்று தோளில் தட்டி அனுப்பினார். நல்ல மனிதர், கோபமே வராத மாதிரி அனுப்பினார்.

ஒன்றைக் கவனித்தேன். மாரிச்செல்வத்தைத் தவிர, என்னை மெதுவாக இருக்கச் சொன்ன எல்லோரும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்கள். ரெஸ்ட், ரிலாக்ஸ், ஸ்லோ டவுன், கூல், டோன்ட் ஸ்ட்ரெய்ன். தமிழில் ‘ஓய்வு எடு’ என்றால் எத்தனை நாளைக்கு, யார் சோறு போடுவது என்று கேள்வி வந்துவிடும். ஆங்கிலத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். வேகமாகச் செய் என்று விரட்டியவர்கள் தமிழில் விரட்டினார்கள். அது நன்றாகப் புரிந்தது.

கடைசியில் சென்னையில் பெரிய அரசு மருத்துவமனை. நரம்பு வார்டில் சேர்த்தார்கள். பணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, எழுதினால் கோபம் வரும். உள்ளே பெரும்பாலும் இலவசம்தான். வெளியே எடுக்கச் சொன்ன ஸ்கேனும், ஜெயந்தி லீவு போட்ட நாட்களும்தான் எங்களை உட்கார வைத்தன.

காத்திருப்பதுதான் அங்கே பெரிய வேலை. ரத்தத்துக்கு ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒரு வரிசை, வரிசை எது என்று கேட்பதற்கு இன்னொரு வரிசை. லைனில் நின்று பழகியவனுக்கு நகராத வரிசையில் நிற்பது தண்டனை. ஜெயந்தி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கூட்டத்தில் தொலைந்துபோகிற பிள்ளையைப் பிடிப்பது போல.

ஊசிப் பரிசோதனை ஒன்று செய்தார்கள். சதைக்குள் மெல்லிய ஊசியைக் குத்தி, சதை போடும் சத்தத்தை ஒரு பெட்டியில் கேட்கிறார்கள். சும்மா இருக்கிற சதை சத்தம் போடக் கூடாதாம். என் கையில் குத்தியதும் தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. தொடையில் குத்தினார்கள், அங்கேயும் தூறல். நாக்குக்கு வந்தபோது, ஊசி வைத்திருந்த அம்மா ‘ரிலாக்ஸ், ரிலாக்ஸ்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாக்கை எப்படி ரிலாக்ஸ் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பயத்தில் கண்ணில் நீர் வழிந்தது. அவர் ஒரு கையால் ஊசியைப் பிடித்தபடி இன்னொரு கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். அந்த மருத்துவமனையில் ஆங்கிலம் இல்லாமல் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

பெரிய டாக்டர் வயதானவர், பொறுமையானவர். என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளை நன்றாக இருக்கிறது, சதையும் நன்றாகத்தான் இருந்தது, மூளையிலிருந்து சதைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. உத்தரவு வராத சதை வற்றிவிடும். கையில் ஆரம்பிக்கும், காலுக்குப் போகும், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் தெளிவாக இருக்கும்.

“ஒயர் போச்சுன்னா நாங்க ஒயர மாத்திடுவோம் சார்” என்றேன்.

“மாத்த முடியாதுப்பா” என்றார். சுற்றி வளைக்கவில்லை. ஒரு மாத்திரை இருக்கிறது, அது குணப்படுத்தாது, வியாதியின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான் என்றார். பிறகு ஜெயந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார். சிலருக்கு இது வேகமாக வரும், சிலருக்கு ஸ்லோவாக வரும், ஸ்லோவாக வருகிறவர்கள் பல வருஷம் நடமாடுகிறார்கள். இவருக்கு எது என்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தெரியும்.

ஜெயந்தி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வியாதியின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை, நுழைக்க முயலவும் இல்லை. ஊருக்குத் திரும்பியதும் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போனோம். பக்கத்தில் நின்றவர்கள் என்னென்னவோ வேண்டிக்கொண்டிருந்தார்கள். இவள் கண்ணை மூடி, ‘முருகா, ஸ்லோவா இருக்கட்டும், வேற ஒண்ணும் வாணாம்’ என்றாள். நான் வாய்க்குள் சிரித்துவிட்டேன். எந்த வார்த்தைக்காக லைனில் வெட்கப்பட்டுச் செத்தேனோ அதை என் பெண்டாட்டி சாமியிடம் வரமாகக் கேட்கிறாள். பிறகு நானும் அதையே கேட்டேன்.

வார்டில் இருந்தபோது மாரிச்செல்வம் பார்க்க வந்திருந்தான். நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல், இரண்டு மாதுளம்பழத்தோடு வந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். முன்னாடியே வந்திருந்தால் மாத்திரையையாவது முன்னாடியே ஆரம்பித்திருக்கலாம் என்றாராம் என்று ஜெயந்தி சொல்லிவிட்டாள். பாவம், அவளுக்கு லைனில் நடந்தது தெரியாது.

“நான் கை குடுக்காம இருந்துருந்தா அப்பமே தெரிஞ்சிருக்கும்லாண்ணே” என்றான்.

ஒன்றும் மாறியிருக்காது என்று சொன்னேன். அது பெரும்பாலும் உண்மை. அவன் நம்பவில்லை. பழத்தை உரித்து, முத்துகளை ஒவ்வொன்றாக உதிர்த்து, தட்டை என் இடது கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு போன் செய்வான், நேரில் வருவதில்லை.

வீட்டில் மாதங்கள் போயின. ஜெயந்தி வேலைக்குப் போகும் முன் எனக்குச் சட்டை மாட்டி, பட்டனைப் போட்டுவிடுவாள். முதலில் மேல் பட்டன் மட்டும், பிறகு எல்லாம். சோற்றைப் பிசைந்து வைப்பாள். டம்ளருக்குப் பதில் கைப்பிடி வைத்த கப் வந்தது. படியில் ஏறும்போது எனக்கு ஒரு படி பின்னால் வருவாள். எதையும் கேட்டுச் செய்யவில்லை, செய்துவிட்டு முகத்தைப் பார்க்கவும் இல்லை. தண்ணீர் குடித்தால் எனக்குப் புரை ஏற ஆரம்பித்தது. அதை நான் சொல்வதற்குள் ரசம் நின்றுபோய், குழைந்த சோறும் கூழும் வரத் தொடங்கின. கூழ் உடம்புக்குக் குளிர்ச்சி என்றாள். நானும் ஆமாம் என்றேன். எத்தனையோ பேர் பெண்டாட்டி கையால் கூழ் கிடைக்காமல் ஏங்குகிறார்கள் என்று கிண்டலும் செய்தேன்.

மாதா மாதம் மாத்திரை வாங்கப் போய்வந்தோம். அதற்கு வரிசையில் நின்று சீட்டைக் காட்டினால் போதும். ஆறு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் பரிசோதனை. அதற்குக் கிளம்பும்போது ஜெயந்தி நல்ல புடவை கட்டிக்கொண்டாள். ரயிலில் என் தோளில் சாய்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே வந்தாள்.

பெரிய டாக்டருக்கு முன்னால் ஒரு இளம் டாக்டர் உட்கார்ந்து கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. வார்டில் இருந்தபோது போட்ட மதிப்பெண்ணிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் வேகமா ஸ்லோவா என்று சொல்வார்கள். நல்ல கூட்டம், அவர் தலை நிமிராமல் கேட்டார். சட்டை அவரே போடுகிறாரா? நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயந்தி சொன்னாள்: “அவரேதான் போட்டுக்கிறாரு டாக்டர்.” சாப்பாடு? “அவரே சாப்புடுறாரு.” படி ஏறுவது? “பிடிக்காம ஏறுறாரு.” விழுங்குவதில் கஷ்டம்? “ஒண்ணும் இல்ல. நல்லா சாப்புடுறாரு.”

அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இன்றைக்கும் நம்புகிறேன். எங்கள் வீட்டில் சட்டை போடப்பட்டது, சோறு உண்ணப்பட்டது, படி ஏறப்பட்டது. எதுவும் நிற்கவில்லை. என் கை எங்கே முடிந்து அவள் கை எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

இளம் டாக்டர் கூட்டிப் பார்த்துப் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். “வெரி ஸ்லோ. குட். ரொம்ப ஸ்லோவாத்தான் போகுதும்மா.”

ஜெயந்தியின் முகத்தை நான் எப்படி எழுதுவேன். கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. இரண்டு கையாலும் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள், அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து விசும்பல் வந்தது. நான் அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குள் ஏதோ நெருடியது. லைனிலும் ஒரு தடவை இப்படித்தான் எண்ணிக்கை சரியாக ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே கை செத்துக்கொண்டிருந்தது. இதையும் மறைத்தால், கொடுக்க வேண்டிய வேறு மாத்திரை எதையாவது கொடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். அந்த நப்பாசைதான் என்னைப் பேச வைத்தது.

“சார், சட்ட நான் போடல. அவதான் போடுறா. தண்ணி குடிச்சா பொர ஏறுது” என்றேன்.

பெரிய டாக்டர் என் சட்டையின் ஒரு பட்டனைக் கழற்றிவிட்டு, போடச் சொன்னார். போட முடியவில்லை. நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். சிறு கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்தார், எனக்குப் புரை ஏறி மேஜையெல்லாம் தெறித்தது. இளம் டாக்டர் மதிப்பெண்களை அடித்துத் திருத்தினார். நான் எதிர்பார்த்த வேறு மாத்திரை எதுவும் இல்லை. அதே மாத்திரைதான், அதே அளவுதான். கூடவே, விழுங்க முடியாமல் போகும்போது வயிற்றில் குழாய் வைப்பதைப் பற்றி அடுத்த தடவை பேசலாம் என்றார்.

வேகமா ஸ்லோவா என்று அவர் மறுபடி சொல்லவில்லை. ஜெயந்தியும் கேட்கவில்லை. நாங்கள் எழுந்தபோது அவர் என் தோளில் கைவைத்து, “டேக் இட் ஈஸி, பூபாலன்” என்றார். அதைத் தமிழில் யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள், லேசாக எடுத்துக்கொள் என்று. இந்த வியாதிக்காரனிடம் சொல்ல வாயே வராது. அவருக்கும் வேறு என்னதான் சொல்ல இருந்தது. நான் தேங்க் யூ சார் என்றேன்.

ரயிலில் திரும்பினோம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, படியில் என்னைப் பிடித்து ஏற்றி இறக்கி, ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள். கோபமாகக்கூட இல்லை.

“இன்னாத்துக்கு மாமா சொன்ன? அந்த ஒரு வார்த்தைய வெச்சிகினு நான் இன்னும் ஆறு மாசம் ஓட்டியிருப்பேன்.”

உண்மை தெரிய வேண்டுமே என்று நினைத்தேன். தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன்? அவளுக்கு நான் நகை வாங்கித் தந்ததில்லை, பிள்ளை தந்ததில்லை. இனி இந்தக் கையால் ஒரு வேலையும் செய்து தரப்போவதில்லை. அந்த அரை நிமிஷச் சந்தோஷத்தை மட்டும் அவள் எங்கிருந்தோ சம்பாதித்து வைத்திருந்தாள், அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். உண்மை சொன்னதற்காக வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டேன். இப்போதும் வருத்தப்படுகிறேன்.

இப்போது பேச்சு குழறுகிறது. காலையில் எழுந்தால் மூச்சு வாங்குகிறது. குழாய் வைக்க நாள் கேட்டிருக்கிறோம்.

நேற்று சாயங்காலம் ஜெயந்தி வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு அம்மா கேட்டார்கள், “உன் வூட்டுக்காரருக்கு இப்ப எப்படி கீது?” நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“ஸ்லோவாதாங்க்கா போவுது. டாக்டரே சொல்லிட்டாரு, ரொம்ப ஸ்லோன்னு” என்றாள் ஜெயந்தி.

இந்தத் தடவை நான் திருத்தவில்லை. அவள் குடத்தோடு உள்ளே வந்தபோது, தூங்குகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.